புது ஆணி அடிக்கக் கூடாது

வீட்டுக்காரர் ரொறன்ரோவில்.
திறப்போடு ஒரேயொரு நிபந்தனை வந்தது,
குரல்பதிவாக, பின்னால் யாரோ பனி வழிக்கிற சத்தத்தோடு:
"சுவரிலை புது ஆணி அடிக்கக் கூடாது, பிள்ளை."

சரி.
பழைய ஓட்டைகளை எண்ணினோம்.
கொக்குவில், ரெயில் பாதையிலிருந்து மூன்றாவது ஒழுங்கை.
முன்னறையில் ஏழு, படுக்கையறையில் நாலு,
குசினியில் ஒன்று, அதிலும் எறும்பு குடியிருக்கிறது.
துவாரகன் கொப்பியில் சுவரை வரைந்து
ஓட்டைக்கு ஓட்டை புள்ளி வைத்தான்.
கோலம் போட வேண்டியதுதான் பாக்கி.

ஓட்டைகள் சொன்னபடி வீடு அமைந்தது.
கண்ணாடி இடுப்பளவில்:
சேலைக் கொய்யகம் சரிபார்க்க நல்லது,
பொட்டு வைக்கக் குந்த வேண்டும்.
மணிக்கூடு கதவுக்குப் பின்னால்;
கதவைச் சாத்தினால்தான் நேரம் தெரியும்.
முழங்காலளவில் இருக்கிற ஒன்றில்
என்ன மாட்டுவதென்று இன்னும் பிடிபடவில்லை,
முன்பு என்ன தொங்கியதென்றும்.

அலுமாரி ஏலத்தில் வந்தது.
கச்சேரியடியில் ஒரு தொண்டு நிறுவனம்
கடையைக் கட்டிய அன்று, ஆயிரத்தைந்நூறு.
ஓட்டோவுக்கு அறுநூறு.
பாதி அலுமாரி வெளியே,
அதைப் பிடித்தபடி பாதி நான்.

இரவு டியூட்டி முடிந்து நித்திரை வராத காலைகளில்
உப்புத்தாளோடு இருந்தேன்.
சாம்பலின் கீழே பச்சை,
பச்சையின் கீழே இன்னொரு சாம்பல்,
அதற்கும் கீழே தேக்கு என்று நம்பினேன்.
பக்கத்து வீட்டு மரியநாயகம் அண்ணை
நகத்தால் ஒருமுறை தட்டினார்.
"தங்கச்சி, கதவு ரெண்டும்தான் மரம்.
மிச்சம் பிளைவூட்."

முதுகில் வெள்ளையில் ஓர் இலக்கம்: யாழ் 0417.
என்ன தேய்த்தும் போகவில்லை.
மூன்று தரம் பூசிய பிறகும்
வெயில் சரிந்து விழுந்தால் தெரிகிறது.
விடு, என்றான் துவாரகன்,
உனக்கும் ஆஸ்பத்திரியில் ஓர் இலக்கம்தானே.

பெயின்ற் ஸ்ரான்லி வீதியில்.
யாரோ கலக்கச் சொல்லிவிட்டு
பிடிக்கவில்லையென்று விட்டுப்போன ரின்.
பாதி விலை, ஆயிரத்துத் தொளாயிரம்.
நாவல் பழத்தைத் தயிரில் மசித்தால் வருமே, அந்த நிறம்.
எங்களைக் கண்டதும் கடைக்காரரின் கண் மின்னியது.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.
இப்போது பழகிவிட்டது.

சில்லு, லண்டன் மாமியின் சூட்கேஸில் கழற்றியது.
கைபிடி முறிந்து கட்டிலுக்குக் கீழே கிடந்தது,
ஆனால் நாலு சில்லும் அருமை.
ஹீத்ரோவில் உருண்டவை,
கட்டுநாயக்காவில் உருண்டவை,
இனிப் பத்தடிச் சீமெந்துத் தரை.
தள்ளினால் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும்.

திரைச்சீலைக்கு என் நூல் சேலைகள் இரண்டு.
ஒன்றில் அயடீன் கறை.
அந்தப் பக்கம் தெருவுக்கு.

கொப்பியின் கடைசித் தாளில் கூட்டினோம்.
தூரிகை, உப்புத்தாள், கொழுக்கிகள் சேர்த்து
ஐயாயிரத்து நானூறு.
அதில் நூற்றறுபது வடைக்கு.

புது ஆணி இல்லை என்பதற்குச் சாட்சியாகப்
பத்துப் படம் அனுப்பினேன்.
அங்கே நடுச்சாமம். இருந்தும்
இரண்டு கோடும் நீலமாகின.
"என்ரை வீடோ இது? சோக்காயிருக்கு!"
பிறகு எழுதுகிறார், நிறுத்துகிறார்,
எழுதுகிறார்.
"பிள்ளை, தை மாசத்திலயிருந்து
வாடகை ஐயாயிரம் கூட.
வீடு இப்ப வடிவாயெல்லோ கிடக்கு."

துவாரகன் சிரித்தான்.
நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான்.
கொப்பியை விரித்து இன்னொரு தரம் கூட்டினேன்,
தொகை மாறுமோ என்று.

அலுமாரியைக் காலால் மெல்லத் தள்ளினேன்.
அது இடப்பக்கம் இழுத்தபடி
வாசல்வரை போய் நின்றது.